'மதர்' என்ற சொல்லோடு எது சேரும்? முழு இயைபும் நெருங்கிய இயைபும்

#1 வரிதேடி

வணக்கம். அடுத்த மாதம் அம்மாவுக்குப் பிறந்தநாள். ஆங்கிலக் கவிதைகளை விரும்பி வாசிப்பவர் அவர். அதனால் ஆங்கிலத்திலேயே நான்கு வரி எழுதி, ஒரு வாழ்த்து அட்டையில் கொடுக்க ஆசை. முதல் வரியை 'மதர்' என்று முடித்தேன். இரண்டாம் வரியை 'ஃபாதர்' என்று முடித்தேன். இரண்டிலும் 'தர்' வருகிறது, எழுத்திலும் கடைசி நான்கு எழுத்தும் ஒன்றே. சரியாக அமைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். "இது ரைம் ஆகாது" என்று சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டால், "காதில் கேட்டாலே தெரியுமே" என்கிறார். எனக்குத் தெரியவில்லை. அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஃபாதரும் மதரும் ஏன் சேராது? பிறகு மதருக்கு எதுதான் சேரும்? நான் தேடியதில் 'ப்ரதர்' கிடைத்தது. ஆனால் எனக்கு இருப்பது ஒரே ஒரு அக்கா. கவிதைக்காக இல்லாத அண்ணனை உருவாக்க மனமில்லை.

#2 தாளக்கட்டு

தம்பி, முழுதாகச் சேரும் சொற்கள் மிகக் குறைவு: அதர், அனதர், ப்ரதர், ஸ்மதர். அன்றாடப் புழக்கத்தில் இருப்பவை இந்த நான்கும்தான். 'ஸ்மதர்' என்றால் மூச்சுமுட்ட அமுக்குவது என்று பொருள். முத்தத்தால் அமுக்குவது என்று நல்ல விதமாகவும் சொல்வார்கள், ஆனாலும் அம்மாவுக்கான அட்டையில் நான் அதைத் தொடமாட்டேன்.

'லைக் நோ அதர்' என்று மட்டும் முடித்துவிடாதீர்கள். வாழ்த்து அட்டைகளில் பார்த்துப் பார்த்துத் தேய்ந்துபோன தொடர் அது.

#3 செவிவழி

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பல வருடமாக ஆங்கில உச்சரிப்பு சொல்லிக்கொடுக்கிறேன், இந்தக் குழப்பம் வராத மாணவரே இல்லை.

நாம் இயைபு என்று எதைச் சொல்கிறோம்? அடியின் கடைசியில் ஒரே ஓசை வருவதை. கடைசி எழுத்து ஒன்றினாலே இயைபு என்று ஏற்றுக்கொள்வோம். ஆங்கிலக் காது அப்படிக் கணக்கு வைப்பதில்லை. அந்தக் காது சொல்லின் முடிவிலிருந்து தொடங்குவதே இல்லை, அழுத்தத்திலிருந்து தொடங்குகிறது.

ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றிலும் ஓர் அசை மற்றவற்றைவிட ஓங்கி ஒலிக்கும். 'மதர்' என்பதில் 'ம' ஓங்கும், 'தர்' அடங்கிவிடும். அந்த ஓங்கிய அசையில் உள்ள உயிரொலி முதல் சொல்லின் கடைசி வரை எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த உயிருக்கு முன்னால் நிற்கும் மெய் மட்டும் வேறாக இருக்க வேண்டும். இதுதான் முழு இயைபு.

மதரில் ஓங்கும் உயிர் 'அ'. அதிலிருந்து கடைசி வரை எடுத்தால் 'அ-தர்'. ப்ரதரிலும் அதேதான். ஃபாதரில் எடுத்தால் 'ஆ-தர்'. குறில் எங்கே, நெடில் எங்கே! ஓங்கி ஒலிக்கிற இடத்திலேயே வேறுபாடு வந்துவிடுகிறது. அடங்கி ஒலிக்கும் 'தர்' ஒன்றாக இருப்பது அந்த வேறுபாட்டை ஈடுகட்டாது.

அடுத்தவர் பேச்சைக் கேட்கும்போது 'தர்' என்ற பகுதியை எவ்வளவு மெல்லமாக விழுங்குகிறார்கள் என்று கவனியுங்கள். நாம் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்லிப் பழகியவர்கள். அதனால்தான் நமக்கு 'தர்' பெரிதாகக் கேட்கிறது. உங்கள் காதில் குறை ஒன்றும் இல்லை, பழக்கம் அப்படி.

#4 அசைபோடுபவன்

செவிவழி அக்கா சொன்னதைப் படித்ததும் எனக்கு ஒன்று பளிச்சென்று தோன்றியது. நாம் ரைம் என்றதும் இயைபை நினைப்பதே பாதிச் சிக்கல். எதுகையை நினைத்துப் பாருங்கள்.

எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் போதும் என்றுதான் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். ஆனால் விதி அதோடு முடியவில்லை. முதல் எழுத்து அளவொத்து நிற்க வேண்டும். முதல் எழுத்து குறிலானால் எதிர்ச்சொல்லிலும் குறில், நெடிலானால் நெடில். 'பட்டு'க்கு 'கட்டு' எதுகை. 'பாட்டு' எதுகை ஆகாது, 'ட்' ஒன்றினாலும் ஆகாது.

இப்போது ஃபாதர், மதர் இரண்டையும் வையுங்கள். இரண்டாம் எழுத்து 'த' ஒன்றுகிறது. முதல் எழுத்து ஒன்றில் நெடில், இன்னொன்றில் குறில். வரிதேடி, நம் யாப்பிலேயே இது எதுகையாகாது! அதர், மதர் இரண்டும் எதுகையாகும். ப்ரதரில் 'ப்ர' என்பதை ஒரே மூச்சில் வரும் ஓரெழுத்தாகக் கொண்டால் அதுவும் ஆகும்.

#5 ஒற்றுமிகும்

நல்ல ஒப்பீடுதான், ஆனால் முழுக்கப் பொருந்தாது நண்பரே. 'வெதர்', 'ஃபெதர்', 'லெதர்' இவற்றையும் உங்கள் விதியில் வைத்துப் பாருங்கள். முதல் எழுத்து குறில், இரண்டாம் எழுத்து த. தமிழ் எதுகைப்படி 'வெதர்'–'மதர்' தாராளமாகச் சேரும். ஆங்கிலத்தில் யாரும் அதை முழு இயைபு என்று சொல்லமாட்டார்கள்.

எதுகை முதல் எழுத்தின் அளவைத்தான் கேட்கிறது, உயிர் எது என்று கேட்பதில்லை. ஆங்கிலம் உயிரையே கேட்கிறது.

#6 அசைபோடுபவன்

உண்மை. என் கணக்கில் அது விடுபட்டுவிட்டது, சுட்டியதற்கு நன்றி.

அப்படியானால் இன்னும் துல்லியமாக ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மலை, அலை, கலை, வலை. இவை நமக்கும் எதுகை, ஆங்கிலக் காதுக்கும் முழு இயைபு. மலை, சிலை, உலை? நமக்கு இவையும் நல்ல எதுகைதான், முதலெழுத்து தவிர மற்றதெல்லாம் ஒன்றுகிறது. ஆங்கிலக் காதுக்கோ முதல் உயிர் மாறிவிட்டதால் பாதிதான் சேரும். வெதர்–மதர் என்பது மலை–சிலை போல. ப்ரதர்–மதர் என்பது மலை–கலை போல.

வரிதேடி, இந்த ஒரு சோதனையை மனத்தில் வைத்துக்கொண்டால் அகராதியே வேண்டாம்.

#7 வரிதேடி

மலை–கலை, மலை–சிலை. புரிந்துவிட்டது! இத்தனை நாளும் யாரும் இப்படிச் சொல்லவில்லை. அக்காவுக்கும் உங்கள் இருவருக்கும் நன்றி.

இன்னொரு சொல்லில் தடுமாறுகிறேன். 'தொந்தரவு செய்' என்ற பொருளில் வரும் 'பாதர்'. எழுதும்போது ப்ரதரில் ஓர் எழுத்தை எடுத்துவிட்டால் வருவது அதுதான். எழுத்தைப் பார்த்தால் மதரோடு அச்சு அசலாகச் சேருகிறது. சேருமா?

#8 நாணல்

சேராது. அது கண்ணுக்கு மட்டும் இயைபு. ஒரே மாதிரி எழுதப்பட்டு, வேறு மாதிரி ஒலிக்கும் இணை. 'பாதர்' என்பதன் முதல் உயிர் பிரிட்டன் உச்சரிப்பில் குறுகிய 'ஆ'வுக்கும் 'ஒ'வுக்கும் நடுவில் நிற்கும். அமெரிக்காவில் பெரும்பாலோர் அதை நீட்டி 'ஆ' என்பார்கள். அப்போது அது ஃபாதரோடு முழுதாகச் சேர்ந்துவிடும். மொழியியலில் இதற்கு ஃபாதர்–பாதர் இணைவு என்றே பெயர். ஆகப் பாதருக்குத் துணை அப்பா, அம்மா அல்ல.

இதில் எனக்கு மிகப் பிடித்த செய்தி ஒன்று. இன்று மதர்–ப்ரதர் இணைதான் முழு இயைபுக்கு முதல் எடுத்துக்காட்டு, இல்லையா? ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் அவை அப்படிச் சேரவில்லை. அம்மாவைக் குறித்த சொல் 'மோடோர்' என்பது போல ஒலித்தது, நடுவில் 'ட' போன்ற ஒலி. சகோதரனைக் குறித்த சொல்லில் அப்போதே 'த' ஒலி இருந்தது. அப்பாவும் அப்படித்தான், நடுவில் 'ட'. வானிலையைக் குறிக்கும் 'வெதர்' கூட முன்பு 'ட' ஒலியோடுதான் இருந்தது. ஏறத்தாழ 15, 16ஆம் நூற்றாண்டுகளில் இந்தச் சொற்களின் 'ட' தேய்ந்து 'த' ஆனது. அதன் பிறகுதான் அம்மாவும் சகோதரனும் ஒலியில் ஒன்று சேர்ந்தார்கள்.

'மர்டர்' என்ற சொல்லில் எதிர்ப்பக்கமாக நடந்தது. அங்கே முன்பு 'த' இருந்தது, இப்போது 'ட'.

எழுத்து ஏமாற்றுவதற்கும் நீண்ட வரலாறு உண்டு. ஜான் வாக்கர் 1775இல் வெளியிட்ட அகராதியில் சொற்கள் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி அடுக்கப்பட்டிருந்தன. அப்படி அடுக்கினால் மதர், ஸ்மதர், ப்ரதர், பாதர் எல்லாம் ஒரே இடத்தில் வந்து குவியும். தேட வசதி, ஆனால் கண்ணை மட்டும் நம்பினால் பாதரையும் எடுத்துக்கொண்டு போய்விடுவோம். வாக்கர் இதை உணர்ந்தவர். முழு இயைபு தனி, அனுமதிக்கத்தக்க இயைபு தனி என்று பிரித்துக் காட்டும் பகுதியும் அவர் நூலில் உண்டு.

#9 குறிமுறை

நான் நிரல் எழுதுபவன். இந்த இழையைப் பார்த்ததும் கணினியில் சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதி இலவசமாகக் கிடைக்கிறது. 1,34,000க்கும் மேற்பட்ட சொற்கள், எல்லாம் வட அமெரிக்க உச்சரிப்பு. ஒலிகளை 39 குறியீடுகளில் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு உயிருக்கும் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். 1 என்றால் முதன்மை அழுத்தம், 2 என்றால் இரண்டாம் நிலை, 0 என்றால் அழுத்தம் இல்லை. செவிவழி அக்கா சொன்ன விதியை அப்படியே நிரலாக்கலாம்: எண் 1 உள்ள கடைசி உயிரைக் கண்டுபிடி, அதிலிருந்து கடைசி வரை வெட்டி எடு, அதே வெட்டு உள்ள மற்ற சொற்களைத் தேடு. பத்துப் பதினைந்து வரி நிரல் போதும்.

பெயர்களைக் கழித்துவிட்டால் தாளக்கட்டு அண்ணா சொன்ன அதே நான்கு சொற்கள்தான் மிஞ்சுகின்றன. 'கிராண்ட்மதர்' போன்றவை வரவில்லை, ஏனென்றால் அதில் முதன்மை அழுத்தம் 'கிராண்ட்' மீது விழுகிறது, 'மதர்' இரண்டாம் நிலைக்குப் போய்விடுகிறது. வந்தாலும் பயனில்லை. அதே சொல்லை அதே சொல்லோடு சேர்ப்பது இயைபின் சுகத்தைத் தராது.

ஒரு எச்சரிக்கை. முழுதாக இல்லாமல் கிட்டத்தட்டச் சேரும் சொல் தேடும்போது இந்த அகராதியை நம்பி 'ஹவர்' என்று எடுத்துவிடாதீர்கள். காற்றில் மிதந்து நிற்பதைச் சொல்லும் சொல். அமெரிக்கர் அதை 'கவர்' போலச் சொல்வார்கள், பிரிட்டனில் முதல் உயிர் 'ஒ' பக்கம் சாயும். உங்கள் அம்மா எந்த உச்சரிப்பில் வாசிப்பவர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

#10 தாளக்கட்டு

நான்கு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை பேர் எத்தனை கவிதை எழுதுவது? அதனால்தான் பாட்டு எழுதுகிறவர்கள் நெருங்கிய இயைபுக்குப் போகிறார்கள். உயிரை விடாமல் பிடித்துக்கொண்டு, மெய்யைக் கொஞ்சம் தளர்த்துவது.

மதருக்கு என் பட்டியலில் முதலில் நிற்பவை கவர், லவர், டிஸ்கவர், ரிக்கவர். அப்புறம் நடுங்குவதைச் சொல்லும் ஷடர், படகின் சுக்கானைச் சொல்லும் ரடர் என்று 'ட' ஒலியுள்ளவை. அதற்கும் அப்பால் சம்மர், கலர், வண்டர், தண்டர். இன்னும் தள்ளி பட்டர், ஃப்ளட்டர். பாடும்போது உயிர்தான் நீளும், மெய் ஒரு கணத்தில் கடந்துபோகும். அதனால் பாட்டில் இவை எல்லாம் தப்பித்துவிடும். அட்டையில் அச்சிட்டு அமைதியாக வாசிக்கும்போது கடைசியில் சொன்னவை தாங்காது.

#11 அசைபோடுபவன்

அண்ணன் அடுக்கிய வரிசை தற்செயலாக வந்ததல்ல. ஏன் 'கவர்' முதலில், 'பட்டர்' கடைசியில் என்று கேட்டால் அதற்கும் காரணம் இருக்கிறது.

நமக்கு இன எதுகை என்று ஒன்று உண்டு. இரண்டாம் எழுத்து அப்படியே வராவிட்டாலும் அதே இனத்தைச் சேர்ந்த எழுத்து வந்தால் போதும். வல்லினத்துக்கு வல்லினம், மெல்லினத்துக்கு மெல்லினம், இடையினத்துக்கு இடையினம். மோனையிலும் இப்படித்தான், சகரத்துக்குத் தகரமும் மகரத்துக்கு வகரமும் உறவு என்று வகுத்திருக்கிறார்கள். மெய்களுக்குள் குடும்பம் இருக்கிறது, குடும்பத்துக்குள் ஒன்றுக்கு ஒன்று நிற்கலாம் என்ற எண்ணம் நமக்குப் புதிதே அல்ல. ஆங்கிலத்தில் நெருங்கிய இயைபு தேடுவதும் அதே வேலைதான்.

ஆனால் முன்பு ஒரு முறை தவறியதால் இப்போது கவனமாகச் சொல்கிறேன். நம் இனப் பட்டியலை அப்படியே தூக்கி ஆங்கிலத்தின் மேல் வைக்கக்கூடாது. எழுத்தளவில் த வல்லினம், வ இடையினம். அதன்படி போனால் மதருக்கு பட்டர் உறவாகவும் கவர் அயலாகவும் ஆகிவிடும். காது அதற்கு நேர்மாறாகச் சொல்கிறதே!

காரணம், மதரில் வருவது 'தம்பி'யின் த அல்ல, 'அது', 'இது' என்பவற்றில் வரும் த. சொல்லிப் பாருங்கள். 'தம்பி' என்னும்போது நாக்கு பல்லில் ஒட்டிக் காற்றை அடைக்கிறது. 'அது' என்னும்போது முழுக்க அடைப்பதில்லை, காற்று உரசிக்கொண்டு கசிகிறது, தொண்டையும் அதிர்கிறது. அப்படி உரசி அதிர்கிற ஒலிகள் ஒரு குடும்பம். ஆங்கில 'கவர்' என்பதில் பல்லும் உதடும் உரசி வரும் வ அந்தக் குடும்பம். 'பஸ்ஸர்' என்பதில் வண்டு இரைவது போல வரும் ஒலியும் அதே குடும்பம். அதிர்வை எடுத்துவிட்டு உரசலை மட்டும் வைத்தால் 'சஃபர்', 'டஃபர்' வரும், கொஞ்சம் தூரத்து உறவு. உரசலை எடுத்து அதிர்வை மட்டும் வைத்தால் 'ஷடர்'. இரண்டையும் எடுத்துவிட்டால் 'பட்டர்'.

ஒவ்வொரு முறையும் ஒரு குணம் குறைகிறது, இயைபும் ஒரு படி தளர்கிறது.

#12 செவிவழி

தம்பி எழுதியதை என் வகுப்பில் அப்படியே பயன்படுத்தப் போகிறேன், அனுமதி உண்டுதானே?

இந்தக் குடும்ப உறவை உண்மையான மனிதர் வாயிலேயே கேட்கலாம். லண்டனில் பலர் அந்தத் த ஒலியை வ ஆகவே சொல்கிறார்கள். ப்ரதர் அவர்கள் பேச்சில் 'ப்ரவர்', அதைச் சுருக்கி நண்பர்களை 'ப்ரவ்' என்று கூப்பிடுவார்கள். அவர்கள் காதில் மதரும் லவரும் நெருங்கிய இயைபு அல்ல, முழு இயைபு! கரீபியன் தீவுகளிலும் அயர்லாந்தின் சில வழக்குகளிலும் அதே ஒலி 'ட' பக்கம் போகும். அங்கே மதருக்கு ஷடர் பக்கத்து வீடு. ஆக, தாளக்கட்டு முதல் இரண்டு வரிசையில் வைத்த சொற்கள் எங்கோ ஓரிடத்தில் நிஜமாகவே சேர்ந்து ஒலிப்பவை.

வட இங்கிலாந்தில் இன்னொரு மாதிரி. அங்கே உயிரே மாறி 'முதர்' என்பது போலக் கேட்கும். ஆனால் ப்ரதர், அதர், கவர் எல்லாம் கூடவே மாறிவிடுவதால் இயைபு கெடுவதில்லை. குடும்பத்தோடு வீடு மாறுகிறார்கள்.

#13 ஒற்றுமிகும்

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். நெருங்கிய இயைபு என்ற பெயரில் எதையும் எதோடும் சேர்க்கிற போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. நான்கு சொல்தான் இருக்கிறது என்றால் அந்த நான்குக்குள் எழுதுவதுதான் திறமை. வெண்பாவில் தளை தட்டினால் 'கிட்டத்தட்ட வெண்பா' என்று ஏற்றுக்கொள்வோமா? இயைபு என்பது வாசகருக்குக் கொடுத்த வாக்கு. முதல் வரி மதர் என்று முடிந்ததும் அவர் காது காத்திருக்கிறது. அங்கே டிஸ்கவர் வந்தால் ஏமாற்றம்தான்.

#14 தாளக்கட்டு

ஏமாற்றம் என்ற சொல்லை நான் மறுக்கவில்லை. அந்த ஏமாற்றத்தைத்தான் நான் பயன்படுத்துகிறேன்.

முழு இயைபு கதவைச் சாத்துகிற சத்தம் மாதிரி. முடிந்தது என்று காது நிம்மதியாகிவிடும். நெருங்கிய இயைபு கதவை ஒருக்களித்து விடுகிறது. இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காது விழித்தபடி இருக்கும். அதனால் ஒரு பாட்டின் நடுவில் நெருங்கியதைப் போடுவேன், முடிவில் முழுதைப் போடுவேன். இரண்டும் முழுதாக இருந்தால் முதல் இரண்டு வரியிலேயே பாட்டு முடிந்துபோன உணர்வு வந்துவிடும். தலைகீழாக, முழுதை முதலில் வைத்து நெருங்கியதில் முடித்தால் பாட்டு அந்தரத்தில் நிற்கும். துக்கமான பாட்டுக்கு அது பொருந்தும், பிறந்தநாளுக்குப் பொருந்தாது.

அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் நெருங்கிய இயைபுகளை ஏராளமாக எழுதியவர். அவர் இறந்தபின் 1890இல் கவிதைகளைப் பதிப்பித்தவர்கள் அவற்றில் சிலவற்றை முழு இயைபாக மாற்றினார்கள். பிற்காலப் பதிப்புகள் அவர் எழுதியபடியே திரும்பக் கொண்டுவந்தன. இன்று வாசிப்பவர்கள் அவர் எழுதிய வடிவத்தைத்தான் விரும்புகிறார்கள்.

#15 ஒற்றுமிகும்

நடுவில் நெருங்கியது, முடிவில் முழுது. இந்த ஒழுங்கு இருந்தால் எனக்கு மறுப்பில்லை. அது தளர்ச்சி இல்லை, அதற்குள்ளும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. என் எதிர்ப்பெல்லாம் தேடிப் பார்க்கும் சிரமத்துக்குப் பயந்து பாதியில் நிறுத்துவதற்குத்தான்.

வரிதேடிக்கு ஒரு யோசனை. வரி முடிவில் மதர் வந்தே ஆகவேண்டுமா? அதை வரியின் நடுவுக்குத் தள்ளிவிடலாம். அல்லது 'மம்' என்று முடித்தால் கம், சம், ஹம், ட்ரம், தம், பிகம் என்று வழி அகலமாகத் திறக்கும். ஓரசைச் சொல்லுக்கு எப்போதும் துணை அதிகம்.

#16 வரிதேடி

'மம்' என்று முயன்றேன் அண்ணா. சொற்கள் ஏராளமாகக் கிடைத்தன, ஆனால் வரி சட்டென்று வெட்டுப்பட்டு நிற்கிறது. மதர் என்று முடியும்போது கடைசி அசை மெல்ல இறங்குகிறதே, அந்த இறக்கம் எனக்கு வேண்டும். நான் அம்மாவைப் பற்றிச் சொல்ல நினைப்பது அந்த இறக்கத்தில்தான் உட்காருகிறது.

முதல் இரண்டு வரி இப்படி வந்திருக்கிறது:

ஷீ ரெட் த வேர்ல்ட் டு மீ, மை மதர்,
அண்ட் சேவ்ட் மீ பேஜஸ் டு டிஸ்கவர்.

உலகத்தை எனக்கு வாசித்துக் காட்டினார் அம்மா, நானாகவே கண்டுபிடிக்கட்டும் என்று சில பக்கங்களை எனக்காக எடுத்தும் வைத்தார். சின்ன வயதில் கதை வாசிக்கும்போது முடிவை மட்டும் சொல்லமாட்டார், புத்தகத்தை என் கையில் கொடுத்துவிடுவார். அதைத்தான் எழுதினேன். 'டிஸ்கவர்' என்ற சொல் தாளக்கட்டு அண்ணாவின் பட்டியலில் இருந்து வந்தது. பட்டியலைப் பார்க்கும் வரை இந்த நினைவே எனக்கு வரவில்லை.

#17 செவிவழி

அருமை. இரண்டு வரியிலும் அழுத்தம் நான்கு இடத்தில் விழுகிறது, கடைசியில் ஓர் அசை இறங்குகிறது. 'டிஸ்கவர்' என்பதில் அழுத்தம் 'க' மீது இருப்பதால் 'அ-வர்' என்ற வெட்டு கச்சிதமாக மதரின் 'அ-தர்' மேல் படிகிறது. இதுவே அழுத்தம் முதல் அசையில் இருக்கும் சொல்லாக இருந்தால் கடைசி ஓசை ஒன்றாக இருந்தும் சேர்ந்திருக்காது.

இரண்டு சொல்லைச் சேர்த்தும் இயைபு பிடிக்கலாம் என்பதை யாரும் இன்னும் சொல்லவில்லை. 'லவ் ஹர்' என்பதை வேகமாகச் சொல்லுங்கள். ஹ கரைந்து 'லவர்' என்றே கேட்கும். 'அபவ் ஹர்' என்பதும் அப்படித்தான். அகராதியில் ஒரு சொல்லாகத் தேடினால் இவை அகப்படாது, வாயால் சொல்லிப் பார்த்தால்தான் அகப்படும்.

#18 குறிமுறை

உண்மை அக்கா, என் நிரலில் இது வரவே இல்லை. சொல் எல்லையைத் தாண்டித் தேடும்படி மாற்றி எழுதுகிறேன்.

#19 வரிதேடி

'லவ் ஹர்' என்பதை வைத்து நான்கைந்து விதமாக எழுதிப் பார்த்தேன். ஒலி நன்றாக இருந்தது, ஆனால் அன்பு என்று நேராகச் சொன்னதும் முதல் இரண்டு வரியின் அமைதி குலைந்துவிட்டது. விட்டுவிட்டேன். அண்ணன் சொன்னபடி முடிவுக்கு முழு இயைபையே எடுத்துக்கொண்டேன். ஒற்றுமிகும் அண்ணா சொன்ன நான்கு சொல் எல்லைக்குள்தான் இருக்கிறது:

ஒன் புக் லெட் ஆன் டு யெட் அனதர்,
அண்ட் எவ்ரி ஒன் பிகேன் வித் மதர்.

ஒரு புத்தகம் இன்னொரு புத்தகத்துக்குக் கூட்டிப்போனது, ஒவ்வொன்றும் அம்மாவிடத்தில் தொடங்கியது.

#20 ஒற்றுமிகும்

கதவு சாத்திய சத்தம் கேட்டது. ஓர் எழுத்தையும் மாற்றாதீர்கள்.

#21 வரிதேடி

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். நேற்று அட்டையைக் கொடுத்தேன். அம்மா சத்தமாக வாசித்தார். 'டிஸ்கவர்' வந்ததும் ஒரு நொடி நிறுத்தி, மதர், டிஸ்கவர் என்று இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு வரியை வாசித்து முடித்ததும் மறுபடி முதல் வரிக்குப் போனார். மூன்றாம் முறை வாசிக்கும்போது நிறுத்தவில்லை.

அக்கா பக்கத்தில் இருந்தாள். "அப்பாவுக்கு எப்போது?" என்று கேட்கிறாள். ஃபாதர் என்ற சொல்லுக்குச் சேர்வது எது என்று இப்போதே தேடத் தொடங்கிவிட்டேன்.

#22 நாணல்

பிரிட்டன் உச்சரிப்பில் எழுதுவதானால் 'ராதர்' இருக்கிறது, அமெரிக்க உச்சரிப்பில் 'பாதர்' இருக்கிறது. மதரைவிடக் கடினமான சொல் அது. தனி இழை தொடங்குங்கள், வருகிறோம்.